துத்தம், சுண்ணாம்பு, அப்பா

எங்கள் வீட்டில் எந்த விபரீதமும் "ஆஃபர்" என்ற சொல்லில்தான் தொடங்கும். "போர்தோ பக்கத்துல மெதோக்னு வைன் ஊரு. அங்க ஒரு பழைய ஷத்தோ, அதான் மாளிகை. ஹோட்டலா மாத்திருக்காங்க. ரெண்டு ராத்திரி, காலைச் சாப்பாடு, வைன் டேஸ்டிங் எல்லாம் சேர்த்து பாதி விலை" என்று இவர் போனை நீட்டினார். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம். பிரான்சில் நாங்கள் இருக்கும் துலூஸில் பார்க்க வேண்டியதையெல்லாம் மூன்று முறை பார்த்தாகிவிட்டது. நான்காவது வாரத்தில் அப்பா, குப்பை வண்டி வரும் நேரத்துக்குப் பால்கனியில் போய் நிற்க ஆரம்பித்திருந்தார்.

"சாராயம் காய்ச்சுற எடத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க மாப்ள?"

"திராட்சைத் தோட்டம் மாமா" என்று இவர் வாயை விட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருப்பவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? கத்தரிக்கோலைத் தவிர மற்ற எல்லாவற்றோடும் அப்பா கிளம்பிவிட்டார்.

இந்தப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் பாட்டிலில் ஷத்தோ என்று போட்டுக்கொள்வார்கள், பின்னால் இருப்பது ஓட்டு வீடாக இருந்தாலும். நாங்கள் போனது நிஜமான மாளிகைதான். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தையதாம். அதனால் லிஃப்ட் கிடையாது. அறைகளுக்கு எண்ணும் கிடையாது, ஆளாளுக்கு ஒரு சீமாட்டி பெயர். மாடிப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் முனகியது. மூன்றடிச் சுவரில் வைஃபை மோதித் திரும்பிப் போனது. குளியலறையில் சிங்கக்கால் வைத்த தொட்டி உண்டு, ஒரு சொம்பு இல்லை. வரவேற்பறைப் பெண்ணிடம் நான் கையால் மொண்டு ஊற்றிக் காட்டியதைப் பார்த்து, அவள் மிகுந்த மரியாதையோடு ஒரு பூச்சாடி கொண்டுவந்து தந்தாள். அம்மா இரண்டு நாளும் அதில்தான் குளித்தாள்.

அம்மாவுக்குப் பிரச்சினை சொம்பில்லை. கட்டிலுக்கு எதிரே, நரைத்த டோப்பா வைத்த ஒரு பிரபுவின் ஓவியம். "இந்தாளு முழியே சரியில்லடி. நான் சேலை மாத்துறப்போ பாக்குறான்." சொல்லிக்கொண்டே ஈரிழைத் துண்டை எடுத்து அந்தச் சட்டத்தின் மேல் போர்த்திவிட்டாள். மறுநாள் சுத்தம் செய்ய வந்த பெண் துண்டை மடித்து வைத்தாள், அம்மா மறுபடி போர்த்தினாள். எங்கள் பக்கத்திலிருந்து இருமுறை, அவர்கள் பக்கத்திலிருந்து இருமுறை. ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் இவ்வளவு நாகரிகமாக நடந்த சண்டையை நான் பார்த்ததில்லை.

போன அன்று ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி சமையலறை மூடியிருக்கும் என்பதை ஆஃபரில் குண்டூசி அளவு எழுத்தில் போட்டிருந்தார்களாம். பக்கத்து ஊர் உணவகமும் பூட்டு. அம்மா சத்தமில்லாமல் பெட்டியிலிருந்து புளியோதரையை எடுத்தாள். ஆனால் விளக்கு வைக்காமல் சாப்பிட மாட்டாள். ஜூலை மாதத்தில் இங்கே சூரியன் மறைய ராத்திரி பத்து மணி நெருங்கிவிடும். சரவிளக்கின் கீழே, முத்துப் பதித்த மேசையில், பசியோடு சூரியனை வைதுகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் டேஸ்டிங். 1855-ல் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காக இந்தப் பக்கத்து வைன்களுக்குப் போட்ட தரவரிசை, 1973-ல் மூத்தோன் ரோத்சில்ட் என்ற ஷத்தோ ஒரு படி ஏறியதைத் தவிர ஏறக்குறைய இன்றும் அப்படியே இருக்கிறது என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். (மூன்றாம் நெப்போலியன். அப்பா குதிரைமேல் இருப்பவரை நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை.) "நூத்தம்பது வருசமா அதே லிஸ்டா? நம்ம சொசைட்டி தேவலையே" என்றார். 225 லிட்டர் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் அந்தத் துப்பும் பாத்திரம் வந்தது. எல்லாரும் ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்து, பவ்யமாகத் துப்பினார்கள். அப்பா என் காதில், "துப்புறதுக்கா இம்புட்டு காசு வாங்குறாங்க?" இவர் மட்டும் துப்பவில்லை. மாமனாருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரியும்.

தோட்டத்துக்குள் போனதும் அப்பா ஆளே மாறிவிட்டார். ஊரில் கல்தூண் நட்டு, தலைக்குமேல் கம்பிப் பந்தலில் கொடி ஓடும். இங்கே இடுப்புயரம், வேலிபோல வரிசை வரிசையாக. ஏக்கருக்கு நாலாயிரம் கொடி வரும் என்றதும், "ரேஷன் கடை வரிசை மாதிரி நிக்குதுக" என்றார். மண்ணைக் கிளறினால் சரளைக்கல். வருஷத்துக்கு ஒரே அறுவடை. விளைகிற கொடிக்கு இங்கே பொதுவாகத் தண்ணீர் பாய்ச்சக்கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றேன். அப்படியே நின்றுவிட்டார். "முல்லைப் பெரியாத்துத் தண்ணிக்கு நாங்க எம்புட்டு வருசமா அடிச்சிக்கிறோம். இவிங்க வேணாங்கிறாய்ங்களா?"

இன்னும் நான்கு வரிசை தள்ளி, ஒரு பையன் பச்சைக் குலைகளை வெட்டித் தரையில் போட்டுக்கொண்டே போனான். மிச்சக் குலை நன்றாகப் பழுக்கட்டும் என்று செய்வது. அப்பாவுக்கு அது கண்ணெதிரே நடக்கும் கொலை. குனிந்து ஒவ்வொரு குலையாகப் பொறுக்கித் துண்டில் கட்ட ஆரம்பித்தார். புளித்துச் சாகும் காய். அதை வைத்து அம்மா ஊறுகாய் போடப் போவதாகச் சொன்னபோது நான் இவர்களுக்கு யாரோ என்பதுபோல நடந்தேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். காய்கறித் தோட்டத்துப் பக்கம், ஒரு தக்காளிச் செடியின் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இலையெல்லாம் நீலப் புள்ளி.

"தாயி, இது போர்டோ மருந்துல்ல?"

நான் ஒரு மாதமாக "போர்தோ, போர்தோ" என்று பிரெஞ்சுக்காரி மாதிரி உச்சரித்துக்கொண்டிருந்ததால், இரண்டும் ஒன்று என்பது அவருக்கும் தோன்றவில்லை, வெட்கக்கேடு, எனக்கும் தோன்றவில்லை. நாற்பது வருஷமாக அடிச்சாம்பல் நோய்க்கு அவர் அடித்த மருந்து இந்த ஊர்தான். இங்கே ரோட்டோரக் கொடியில் போகிறவன் வருகிறவன் பழம் பறிக்கக்கூடாது என்று, விஷம்போலத் தெரிய மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை. மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் அதைக் கவனித்து, சோதித்து, 1885-ல் வெளியிட்டார். போனில் தேடி இதைச் சொன்னதும் அப்பா அப்படிச் சிரித்தார். "களவாணிப் பயலுக்குப் பயந்து போட்டதா!" ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விரட்டியே ஆயுளில் பாதியைக் கழித்தவர். அதில் நானும் ஒருத்தி.

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பெரியவர் பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். அப்பா வயதுதான் இருக்கும். தூளை அப்படியே பையிலிருந்து கொட்டிக் கலக்கினார். ரெடிமேட் என்றதும் அப்பா முகம் சுளித்தார். பிறகு இரும்புக் கத்தியை முக்கி எடுப்பதுபோலக் கையால் சைகை காட்டினார். பெரியவர் ஒரு நொடி விழித்தார். அப்புறம் ஏதோ கத்திக்கொண்டே உள்ளே ஓடி, துருப்பிடித்த ஒரு கத்தியோடு வந்தார். "என் தாத்தா இப்படித்தான் பார்ப்பார்" என்று என்னிடம் சொன்னார். கத்தியைச் சாணைக்கல்லில் பளபளவெனத் தேய்த்து வாளிக்குள் வைத்தார்கள். எடுத்தால் செம்பு படிந்து சிவக்கக்கூடாது. சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இரண்டு வழுக்கைத் தலைகளும் வாளிமேல் குனிந்திருந்தன. கத்தி சிவக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் அப்பா கையில் ஒரு பாட்டிலைத் திணித்தார். அப்பா மறுக்கவில்லை. வியாழக்கிழமை விமானம். நேற்று ராத்திரி பெட்டியை எடைபோட்டார்கள், ஒன்றரைக் கிலோ அதிகம். அம்மா வாங்கிவைத்த சாக்லேட்டெல்லாம் இப்போது என் ஃபிரிட்ஜில் இருக்கிறது. பாட்டில் பெட்டியில், இரண்டு வேட்டிக்கு நடுவில். "குடிக்கவும் மாட்டாரு, எறியவும் மாட்டாரு, ஊர்ல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று அம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா பால்கனியில் இருக்கிறார். குப்பை வண்டி வரும் நேரம்.