குலசேகரரின் மகன் என்ன நினைத்திருப்பான்?

சேரர் அரண்மனையில் இராமாயண உபந்யாசம் நடந்துகொண்டிருக்கிறது. ஆரணிய காண்டத்தில் கரனும் தூடணனும் 14,000 அரக்கர்களோடு திரண்டு வருகிறார்கள். சீதையை இலக்குவனோடு குகைக்கு அனுப்பிவிட்டு இராமன் வில்லும் கையுமாகத் தனியே நிற்கிறான். ‘அவர்களோ 14,000 பேர், இவனோ ஒருவன், போர் எப்படி நடக்கப் போகிறது?’ என்ற இடத்தைப் பெரியவர் குரலைத் தாழ்த்திச் சொல்லி நிறுத்துகிறார். கேட்டுக்கொண்டிருந்த அரசர் சட்டென்று எழுந்து, படை திரளட்டும், இராமனுக்குத் துணையாகப் புறப்படுகிறோம் என்று ஆணையிடுகிறார். முரசு அறைகிறார்கள், குதிரைகளுக்குச் சேணம் ஏறுகிறது. உபந்யாசம் செய்தவர் பதறிப்போய், கதையின் முடிவை அவசரமாக முன்னுக்கு இழுத்து, இராமன் ஒருவனாகவே அத்தனை பேரையும் வென்றுவிட்டான், சீதை அவன் காயங்களைக் கண்டு தழுவிக்கொண்டாள் என்று சொல்லி முடித்த பிறகுதான் அரசர் மறுபடி அமர்கிறார்.

குலசேகராழ்வாரைப் பற்றிக் குருபரம்பரைக் கதைகள் சொல்வது இது. இதை எனக்கு முதலில் சொன்னவர் என் தாத்தா. கண்ணில் நீர் ததும்பத்தான் அவர் இந்தக் கட்டத்தைச் சொல்வார். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். ‘அந்த ராஜாவுக்குப் பிள்ளை உண்டா?’ என்று கேட்டேன். உண்டு என்றார். ‘அவன் அப்போது என்ன சொன்னான்?’ என்றேன். ‘கதையில் அவனுக்கு என்னடா வேலை?’ என்று சொல்லிவிட்டு, மேலே போய்விட்டார். அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

அவன் பட்டத்து இளவரசன் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். குலசேகரரை ஆய்வாளர் பலர் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். ஸ்தாணு ரவி என்ற சேர மன்னரே இவர் என்று கருதுவோரும் உண்டு. அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டால், இளவரசன் கண்முன் இருந்த உலகம் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. ஸ்தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், 849இல், கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய செப்பேட்டில் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் வணிகர்கள் சாட்சிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தில்லைஸ்தானத்துக் கல்வெட்டு ஒன்றில் சோழன் முதலாம் ஆதித்தனும் இதே ஸ்தாணு ரவியும் சேர்ந்து, விக்கி அண்ணன் என்ற தலைவனுக்குப் பல்லக்கும் யானையும் ‘செம்பியன் தமிழவேள்’ என்ற பட்டமும் அளித்த செய்தி இருக்கிறது. கடல் வணிகமும், கிழக்கே வளர்ந்துவரும் சோழரோடு கவனமாகப் பேண வேண்டிய நட்பும் கொண்ட அரசு அது. அங்கே படை புறப்படும் முரசு கேட்டால் மதுரையிலும் தஞ்சையிலும் ஒற்றர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். யார் மேல் படையெடுப்பு என்று கேட்டால், யுகங்களுக்கு முன்னால் முடிந்துபோன ஒரு போருக்கு என்று எந்தத் தூதனும் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் முறை நிலைமை இன்னும் முற்றிப்போகிறது. வழக்கமாகக் கதை சொல்பவர் ஊரில் இல்லாத நாளில் அவர் மகன் வந்து உபந்யாசம் செய்ததாகச் சிலர் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு அரசரின் இயல்பு தெரியாது; எங்கே நிறுத்தக் கூடாதோ அங்கே, இராவணன் சீதையைத் தூக்கிச் செல்லும் இடத்தில், நிறுத்திவிடுகிறான். அரசர் உருவிய வாளோடு இலங்கைக்குப் புறப்பட்டுவிடுகிறார். ஒரு விஷயத்தை மகன் கவனித்திருப்பான் என்று நினைக்கிறேன்: சேரர் தலைநகரான திருவஞ்சிக்களத்தில் நின்று பார்த்தால் கடல் மேற்கே இருக்கிறது, இலங்கையோ தென்கிழக்கே. அப்பா எதிரே தெரிந்த கடலில் இறங்குகிறார். முழங்கால், இடுப்பு, மார்பு, கடைசியில் கழுத்து மட்டும் நீர் ஏறுகிறது. அங்கே இராமன் சீதையோடும் இலக்குவனோடும் காட்சி தந்து, இராவணனை வென்றாயிற்று, திரும்பு என்று சொல்லிக் கரைசேர்த்தான் என்பது கதை.

கரையில் நின்ற படை எதைக் கண்டது என்பதைக் கதை சொல்வதில்லை. இளவரசன் அந்தக் கரையில் நின்றிருந்தால், அலைகளுக்கு மேல் தந்தையின் தலையையும், அது யாரையோ நோக்கி ஏதோ பேசுவதையும், பிறகு அவர் முகம் மலர்ந்து திரும்பி நடந்து வருவதையும் மட்டும்தான் பார்த்திருப்பான். நனைந்த பட்டோடு கரையேறியவர், ‘பார்த்தாயா?’ என்று கேட்டிருந்தால் அவன் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? பார்த்தேன் என்றால் பொய், பார்க்கவில்லை என்றால் அடியார்களுக்குள் அவனுக்கு இடமில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஒரு மேலாடையை எடுத்துக்கொண்டு போய் அவர் தோளில் போட்டுவிட்டு, பேச்சைக் குதிரைகள் பக்கம் திருப்பியிருப்பேன், கோழைத்தனம்தான்.

இதற்குள் அரண்மனையில் சூழ்ச்சி வேர்விட்டுவிட்டது. அடியார்கள் தடையில்லாமல் உள்ளே வந்து போகிறார்கள். அரசர் அவர்களோடே பொழுதைக் கழிக்கிறார். நாளைக்குத் திருவரங்க யாத்திரை என்று நாள்தோறும் அறிவிக்கிறார், புறப்படும் நேரத்தில் யாரேனும் அடியார்களை எதிரே கொண்டுவந்து நிறுத்தினால் அவர்களை உபசரிப்பதிலேயே பயணம் நின்றுபோகிறது. அரசரைத் தடுத்து வைப்பதற்கு அமைச்சர்கள் கண்டுபிடித்த உபாயமே அதுதான் என்பார்கள். அவர் பக்தியைக் கொண்டே அவரைக் கட்டிப்போட்ட கெட்டிக்காரத்தனத்தை நான் ரசிக்கவே செய்கிறேன். ஆனால் நாளடைவில் இந்த உபாயமே அரண்மனையை அடியார்களால் நிரப்பிவிட, அவர்களை வெளியேற்ற வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பெருமாளின் திருவாபரணங்களில் ஓர் ஆரத்தை அமைச்சர்களே ஒளித்துவைத்துவிட்டு, அடியார்கள் திருடிவிட்டார்கள் என்று அரசரிடம் சொன்னார்கள்.

என் பார்வையில் இளவரசனின் நிலை மோசமாவது இங்கேதான். இதுவரை அவன் மனத்தில் இருந்த சந்தேகம் நேர்மையானது: தந்தை காண்பது தரிசனமா, மயக்கமா, அந்தக் காட்சியை நம்பி ஒரு நாட்டின் படையை நகர்த்தலாமா என்ற கேள்வி அது. இப்போது அதே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் திருடர்கள். அவன் வாய் திறந்தால் அவர்களோடு சேர்த்து எண்ணப்படுவான். வாய் திறக்காவிட்டால் மறுபடியும் ஒருநாள் படை கடலுக்குள் நடக்கும். அமைச்சர்கள் இரவில் அவனைத் தனியே பார்த்து, ‘தம்பிரானே, நாட்டின் நன்மைக்காகத்தான்’ என்று ஆரம்பித்திருந்தால் அவன் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்லும் காரணம் அவனுடைய காரணம்தான். செய்யும் காரியத்தை மட்டும் அவனால் ஏற்க முடியாது.

அரசர் விசாரணை வைக்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. குடத்தில் நாகத்தை விட்டுக் கொண்டுவரச் சொன்னார். அடியார்கள் எடுத்திருந்தால் இது என்னைக் கடிக்கட்டும் என்று சொல்லி, சபை பார்த்திருக்கக் கையை உள்ளே விட்டார். குடத்தின் வாய் குறுகலாகத்தான் இருந்திருக்கும். மணிக்கட்டு உள்ளே போய், முழங்கை வரை மறைந்து, உள்ளே அது புரள்வது வெளியே கேட்கும் அந்தச் சில நொடிகளில் இளவரசனின் சந்தேகமெல்லாம் எங்கே போயிருக்கும்? எந்தப் பிள்ளைக்கும் அப்போது அப்பாவின் கை ஒன்றுதான் கண்ணில் நிற்கும். பாம்பு தீண்டவில்லை, அமைச்சர்கள் அஞ்சி உண்மையை ஒப்புக்கொண்டார்கள். வைணவ ஆசாரியர் மணக்கால் நம்பி ஆழ்வாரைப் போற்றிப் பாடிய தனியன் என்ற தனிப்பாட்டு இதைத்தான், ‘ஆரங்கெடப் பரனன்பர் கொள்ளாரென்று அவர்களுக்கே வாரங்கொடு குடப்பாம்பில் கையிட்டவன்’ என்று சுருக்கிச் சொல்கிறது.

கை வெளியே வந்த பிறகு மெல்ல மெல்லப் பழைய கேள்வி அவனிடம் திரும்பியிருக்கும் என்பது என் எண்ணம். குடம் நிரூபித்தது அடியார்கள் திருடவில்லை என்பதைத்தான். கடலில் இறங்கியது சரி என்று அது சொல்லவில்லை. ஆனால் அந்தச் சபையில் யாரும் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் துணிந்திருக்க மாட்டார்கள்.

குலசேகரர் பாடிய பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களையும் மகனின் கண்ணோடு படிக்கும்போது இரண்டு இடங்களில் நான் நின்றுவிடுகிறேன். முதலாவது, தம்மை உலகம் எப்படிப் பார்க்கிறது என்பது தந்தைக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ‘பேயரே எனக்கு யாவரும், யானும் ஓர் பேயனே எவர்க்கும்’ என்கிறார். அதன் பதிகங்களில் மூன்றாவதான மூன்றாம் திருமொழியின் முடிவில் தம் பெயரைப் பொறிக்கும்போதே ‘தனிப்பெரும் பித்தனாம் கொங்கர்கோன் குலசேகரன்’ என்று கையெழுத்திடுகிறார். அதற்கு முன்னால் இரண்டாம் திருமொழியில், அரங்கனுக்குப் பித்தரானவர்கள் பித்தர்கள் அல்லர், ‘மற்றையார் முற்றும் பித்தரே’ என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். அந்த மற்றையாருள் முதலில் நிற்பவன் வீட்டிலேயே இருக்கிறான்.

இரண்டாவது, அந்தக் கையெழுத்துகளில் இருக்கும் ஆயுதங்கள். ‘வானாளும் செல்வமும் மண்ணரசும் யான் வேண்டேன்’ என்று சொல்லி, வேங்கடத்துச் சுனையில் மீனாகப் பிறந்தால் போதும், கோயில் படியாய்க் கிடந்தால் போதும் என்று உருகுகிற நான்காம் திருமொழி, ‘கொன்னவிலும் கூர்வேல் குலசேகரன்’ என்றுதான் முடிகிறது. மீனாக விரும்புகிறவர் கையிலிருந்து வேல் இறங்கவில்லை. இன்னோரிடத்தில் கொல்லிமலை, மதுரை, உறையூர் மூன்றுக்கும் தாமே தலைவர் என்று உரிமை கொண்டாடுகிறார். மரபு இப்படித்தான், முத்திரைப் பாட்டில் பட்டப்பெயர் வரும் என்று சமாதானம் சொல்லலாம். அந்த வேலையும் மலையையும் நாளைக்குச் சுமக்கப் போகிற மகனுக்கு அந்தச் சமாதானம் போதியிருக்காது.

கடைசியில் அவனை அழைக்கிறார்கள். அரசர் முடியை அவன் தலையில் வைத்துவிட்டுத் திருவரங்கம் போகிறார். அவர் மகளை அரங்கனுக்கே மணமுடித்துக் கொடுத்ததாக மரபு. சேரகுலவல்லி நாச்சியார் என்ற பெயரில் அவளுக்குத் திருவரங்கத்தில் சன்னிதி உண்டு, ஸ்ரீராமநவமியன்று பெருமாளோடு சேர்ந்து எழுந்தருளும் சேர்த்தியும் உண்டு. தந்தையின் காட்சிக்குள் நுழைந்துவிட்ட மகளுக்குக் கோயில் கிடைத்தது. வெளியே நின்ற மகனுக்குக் கிடைத்தது நாடு, அதன் கணக்குவழக்கு, ஒருமுறை சூழ்ச்சியில் பிடிபட்ட அமைச்சர்கள்.

ஒன்பதாம் திருமொழி தசரதன் புலம்பல். காட்டுக்குப் போன பிள்ளையை நினைத்து, தன்னையே நொந்துகொண்டு, ‘நன்றாக நானிலத்தை ஆள்வித்தேன் நன்மகனே உன்னை நானே’ என்று தசரதன் கசந்து சொல்கிறான். அங்கே மகனுக்கு நாடு கிடைக்கவில்லை, தந்தை வீட்டிலேயே கிடந்து மடிகிறான். இங்கே மகனுக்கு நாடு கிடைத்துவிட்டது, போனவர் தந்தை. யாரோ ஓர் அடியார் வஞ்சிக்களத்துக்கு வந்து இந்தப் பாசுரத்தை அவன் எதிரில் பாடியிருந்தால், சிம்மாசனத்தில் இருந்தபடி, அந்த ‘நன்றாக’ என்ற சொல்லை இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டிருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது.