வளைஞ்ச மெழுகுதிரியும் அம்மாவின்ர நித்திரையும்

2023ல அப்பாவுக்கு பைபாஸ் செய்யேக்க அம்மா ஒரு நேர்த்தி வைச்சவா. ஆள் சுகமா வீட்ட வந்தா திருகோணமலை சென் மேரிஸ் கோயில்ல, தான் ஞானஸ்நானம் எடுத்த கோயில்ல, பெரிய மெழுகுதிரி ஒண்டு கொளுத்திறன் எண்டு. அப்பா வந்தார், நடந்தார், இப்ப என்னைவிட வேகமா மார்க்கெட்டுக்குப் போட்டு வாறார், ஆனா மெழுகுதிரி மட்டும் கொளுத்துப்படேல்ல. லீவு இல்ல, மழை, டிக்கெட் இல்ல எண்டு நான்தான் இழுத்தடிச்சது. போன மாசம் அம்மா ஒரு சொல்லும் சொல்லாம கொழும்பில இருக்கிற கொச்சிக்கடைக்குப் போய் அரை ஆள் உயர மெழுகுதிரி ஒண்டை வாங்கிக்கொண்டு வந்து என்ர அறை வாசல்ல சாத்தி வைச்சிட்டா. பிறகு என்னத்தைச் சாட்டுச் சொல்றது.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல நைட் மெயில் ஏறினம். அப்பாவை இவ்வளவு தூரம் அலைக்க வேண்டாம் எண்டு விட்டிட்டு நாங்கள் ரெண்டு பேரும்தான். கல்லோயாப் பக்கம் யானை குறுக்கால வரும் எண்டு ரயில் ஊர்ந்துதான் போகுது, நான் வாயைத் திறந்துகொண்டு நித்திரை, அம்மா மடியில மெழுகுதிரியைக் குழந்தை மாதிரி வைச்சுக்கொண்டு விடிய விடிய முழிப்பு. அது புதுசில்ல. 2019 ஈஸ்டர் அண்டைக்குக் கொச்சிக்கடைக் கோயில்லயும் மற்ற இடங்களிலயும் குண்டு வெடிச்சதுக்குப் பிறகு அம்மாவுக்கு ஒழுங்கான நித்திரை கிடையாது. அண்டைக்கு நாங்கள் கொச்சிக்கடைக்குப் போகேல்ல, வேற கோயில்ல இருந்தனாங்கள், ஆனா அதுக்குப் பிறகு எந்தப் பூசைக்குப் போனாலும் அம்மா கதவுக்குக் கிட்டத்தான் இருப்பா, ஆராவது பெரிய பேக்கோட உள்ள வந்தா கண் பலிபீடத்தில நிக்காது, அந்த பேக்கிலதான் நிக்கும். பூசை முடிஞ்சு வெளிய வந்தாத்தான் மூச்சு விடுவா. கோயிலுக்குப் போறதே ஒரு பயமாப் போனதை அம்மா ஆருக்கும் சொல்லேல்ல, எனக்கும் சொல்லேல்ல, நானாப் பாத்துத்தான் விளங்கினது.

விடிய ஸ்டேஷன்ல இறங்கினா ஓட்டோக்காரர் ஒரு பத்துப் பேர் சுத்தி வளைச்சிட்டாங்கள். கோணேஸ்வரம், கன்னியா, நிலாவெளி, புறாத்தீவு எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜாம். தம்பி, நாங்கள் கோயிலுக்கு எண்டா எந்தக் கோயில், கோணேசர்தானே எண்டுறான். இல்லை, சென் மேரிஸ் எண்டு அம்மா சொன்ன உடன ரேட்டைக் கேக்கோணும், எனக்குத் தலை சுத்திச்சு. அம்மா விடேல்ல, "நான் இந்த ஊர்ப் பிள்ளை, தம்பி" எண்டு ஒரு வசனம்தான், பாதி விலைக்கு இறங்கிட்டான். வழி நெடுக அம்மா கதை. 1964 டிசம்பர் சூறாவளிக்க அவவுக்கு அஞ்சு வயசு, வீட்டுக்கூரை பறந்து அம்மம்மா பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குத்தான் ஓடினவவாம், ஈரச் சீலையோட வாங்குக்குக் கீழ படுத்தது இப்பவும் ஞாபகமாம்.

கோயில் அதே நீலம்தான். 1852ல கட்டினது, முகப்பைப் பாத்தா வானத்தில ஒரு துண்டை வெட்டி ஒட்டின மாதிரி. ஆனா உள்ளுக்க போக ஏலேல்ல, அண்டைக்குப் பாத்து ஒரு கலியாணம்! சனத்தைக் கூடக் குறை சொல்லேலாது, இந்தக் கேமராக்காரரைத்தான். நடுப் பூசையில பலிபீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறாங்கள், ஃபாதர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு லென்ஸ். நற்கருணை எழுப்பேக்கையாவது விலகோணும் எண்டு ஒருத்தருக்கும் தோன்றாதா? நாங்கள் வெளிய ரெண்டு மணித்தியாலம். மெழுகுதிரியைச் சுவரில சாத்திப்போட்டு நிழல்ல ஒதுங்கி நிண்டிட்டம், திருகோணமலை வெயில் தெரியும்தானே, போய் எடுத்தா நடுவில வளைஞ்சு வாழைப்பழம் மாதிரி நிக்குது. எனக்கு அழுகையும் சிரிப்பும். அம்மா தடவிப் பாத்திட்டு "அப்பான்ர நெஞ்சும் வெட்டி ஒட்டினதுதானே, மாதா ஏத்துக்கொள்ளுவா" எண்டா.

எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு கோயில் அப்பிடியே அடங்கிப்போச்சு. தரையில மல்லிகைப்பூ, ஒரு வாங்கில ஆரோ விட்டிட்டுப் போன சின்னப் பிள்ளைச் செருப்பு ஒண்டு, நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில அந்தச் சிவப்பு விளக்கு. மெழுகுதிரியைக் கொளுத்தி, அது விழாமல் ரெண்டு சின்னத் திரியால முட்டுக் கொடுத்து வைச்சம். நான் மனசுக்க ஒரு லிஸ்டே கொண்டு போனனான், வேலை, வீட்டு லோன், தங்கச்சின்ர விசா. முழங்கால்ல நிண்டா ஒண்டும் வருதில்ல. ஆண்டவரே, ஆண்டவரே எண்டு ரெண்டு தரம், அவ்வளவுதான். கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமப் போன மாதிரி, இவ்வளவு நாளும் அவர் இங்கயே இருந்து பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார், நான்தான் வரேல்ல எண்ட மாதிரி, எப்பிடிச் சொல்றது, பள்ளிக்கூடம் விட்டு வரேக்க வாசல்ல அம்மம்மா நிக்கிறதைக் கண்டா வருமே ஒரு சந்தோசம், அது.

திரும்பிப் பாத்தா அம்மா நடு வரிசையில இருக்கிறா. கதவுக்குக் கிட்ட இல்ல. நடுவில. செபமாலை விரலில சுத்தினபடி, தலை ஒரு பக்கம் சரிஞ்சு, நித்திரை. பக்கத்தில போய் மெல்ல இருந்தன், தலை என்ர தோளில விழுந்தது. மூச்சு ஒரே சீரா வருது. பின்னால வாசல்ல ஆரோ ரெண்டு பேர் பெரிய பேக்கோட வந்து, சுத்திப் பாத்து, போட்டோ எடுத்திட்டுப் போயினம். அம்மா அசையேல்ல. நான்தான் அழுதுகொண்டிருந்தனான், தோள் ஆடினா எழும்பிடுவா எண்டு அதையும் அடக்கிக்கொண்டு. கடவுளே, அப்பாவைத் தந்ததுக்கு நன்றி சொல்ல வந்த எங்களுக்கு, நாங்கள் கேக்காததையும் சேத்துத் தந்தீரே, உமக்கு என்னத்தைச் சொல்ல, ஆயிரம் தரம் ஸ்தோத்திரம், மாதாவே உமக்கும்.

மத்தியானக் கொழும்பு பஸ் போட்டுது. போகட்டும். கோயில் பூட்ட வந்த ஐயா எங்களைக் கண்டிட்டு, திறப்புச் சத்தம் கேக்காமல் கையுக்க பொத்திக்கொண்டு, பக்கத்துக் கதவை மட்டும் திறந்து வைச்சிட்டுப் போனார். அந்த மனுசனுக்கு நல்லது நடக்கோணும்.

அம்மா எழும்பிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு முதல் கேட்டது, "பூசை துடங்கிட்டுதா?" எண்டு. பிறகு டச்சு பே கடற்கரைப் பக்கம் நடந்து ஆளுக்கொரு வடையும் பிளேன் டீயும். பக்கத்தில நிண்ட மான் ஒண்டு அம்மான்ர கையில இருந்த பேப்பரை இழுத்துத் திண்டிட்டுது, இந்த ஊர் மான்களுக்குப் பயமே இல்ல. அப்பா போன் எடுத்தார்.

"மெழுகுதிரி கொளுத்தினீங்களா? நல்லா எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது எரிஞ்சுது" எண்டு அம்மா சொன்னா, என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு. வளைஞ்ச கதையை இன்னும் அவருக்குச் சொல்லேல்ல.