செராமைட் சிந்தேஸ் 3, நான் படிச்சு மனசுல நிறுத்தின விதம்

செராமைட்ங்கறது செல் சவ்வுலயும் தோல்லயும் இருக்கிற ஒரு கொழுப்பு, அதை உருவாக்கற என்சைம்தான் செராமைட் சிந்தேஸ். எம்எஸ்சி வைவால (வாய்மொழித் தேர்வு) வெளியிலேருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் எங்கிட்ட கேட்டது இதுதான், "செராமைட் சிந்தேஸ் ஆறு இருக்கே, ஒன்னு போதாதா?" செராமைட் உருவாகற பாத்வே முழுக்க மனப்பாடம், ஆனா இதுக்கு பதில் வரல, அன்னைக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுல லைஃப் சயின்ஸுக்கு உக்காந்தப்ப முதல்ல இதைத்தான் எடுத்தேன்.

ஆறும் பண்ற வேலை ஒன்னுதான், இஆர்ல (செல்லுக்குள்ள இருக்கிற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்) ஸ்ஃபிங்கனைன்ங்கற மூலக்கூறு மேல ஒரு ஃபேட்டி ஆசிட்ட கொண்டுபோய் ஒட்டுறது. எது எவ்வளவு நீள செயின எடுக்கும்ங்கறதுலதான் வித்தியாசம். 1க்கு 18 கார்பன், 2க்கு 22லேருந்து 24, 5க்கும் 6க்கும் 16, நம்பர் வரிசைக்கும் நீளத்துக்கும் சம்பந்தமே இல்ல, அதனாலதான் உருப்போட்டா குழம்புது. அதனால நான் 3ஐ மட்டும் பிடிச்சுக்கிட்டேன், 26க்கு மேல போற ரொம்ப நீளமான செயின் எல்லாம் இதோட வேலை.

ஒரு ஏ4 ஷீட்ல இடது பக்கம் தோல், வலது பக்கம் விந்தகம்னு வரைஞ்சேன். தோலோட மேல் அடுக்குல செத்த செல்லுங்கதான் செங்கல், நடுவுல பூசியிருக்கிற கலவை இந்த நீள செராமைடும் கொலஸ்ட்ராலும். ஃபேட்டி ஆசிட் செயின், அதாவது வால், நேரா இருக்கறதால நெருக்கமா அடுக்கிக்கும், தண்ணி வெளிய போகாது. இந்த ஜீன் இல்லாத எலிக்குட்டி தோல் வழியா நீர் இழந்தே பொறந்த கொஞ்ச நேரத்துல செத்துடும், மனுஷங்கள்ல ரெண்டு காப்பியும் பழுதானா பிறவி இக்தியோசிஸ் (தோல் வறண்டு செதில் செதிலா ஆகற நோய்), 2013ல பேப்பர் வந்துச்சு. வலது பக்கம் அதே என்சைம், ஆனா எடுத்துக்கறது நிறைய டபுள் பாண்ட் இருக்கிற வளைஞ்ச வால், அது இல்லன்னா மியாசிஸ்ல (விந்தணு உருவாகறதுக்கான செல் பிரிவு) செல் பிரியற கட்டத்துலயே சிக்கல் வந்து விந்தணு உருவாகறது நின்னுடும். நேர் வாலையும் வளைஞ்ச வாலையும் பக்கத்து பக்கத்துல கையால வரைஞ்சு பாருங்க, வால் மாறினா செராமைட் செய்யற வேலையும் மாறும், எனக்கு வைவா கேள்விக்கு பதில் அங்கதான் கிடைச்சுது.

எக்ஸாமுக்குன்னு ரெண்டு விஷயம். டி நோவோ வழியில (புதுசா முதல்லேருந்து உருவாக்கற பாத்வே) இந்த என்சைம் முதல்ல தர்றது டைஹைட்ரோசெராமைட், டபுள் பாண்ட் அப்புறம்தான் டீசாச்சுரேஸ்ங்கற இன்னொரு என்சைம் போடும், நேரா செராமைட்னு டிக் பண்ணிடாதீங்க. இன்னொன்னு இன்ஹிபிட்டர் (என்சைம தடுக்கற பொருள்), மக்காச்சோளத்துல வர்ற பூஞ்சையோட நச்சு ஃபியூமோனிசின் பி1 தடுக்கறது செராமைட் சிந்தேஸ, மைரியோசின் தடுக்கறது பாத்வேயோட முதல் என்சைம் செரின் பால்மிட்டாயில் டிரான்ஸ்ஃபரேஸ. மேட்ச் பண்ற கேள்வியில இத மாத்திப் போட்டா நெட் பேப்பரோட 'பார்ட் சி'ல 4 மார்க் போறதோட மேல 1 மார்க் கழிஞ்சிடும்.