மூன்று ஆவர்த்தனக் கடல்: வயலினில் ஹெப்ரிடீஸ் வாசித்துப் பார்த்த கதை

ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோனின் 'ஹெப்ரிடீஸ்' ஓவர்ச்சரை, ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிற இசையை, என் வயலினில் வாசிக்கப் போகிறேன் என்று மே மாதம் அண்ணன் மகளிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள். "அத்தே, அதுக்கு ஒரு மேடை நிறைய ஆள் வேணும்." இப்போது செப்டம்பர். பத்து நிமிட இசையில் எனக்கு வந்திருப்பது முதல் ஆறு பார் (தாளக் கட்டம்), கால் நிமிடம்கூட ஓடாது. அந்தக் கால் நிமிடத்துக்கு நான்கு மாதம் எங்கே போனது என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

நான் கற்றது கர்நாடக வயலின். பதினோரு வயதில் சரளி வரிசையில் ஆரம்பித்தது. தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிற கை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பது தொழில், மொரீஷியஸில் ரோஸ்ஹில்லில் வீடு. வெள்ளைக்காரர்களின் ஐந்து கோட்டு நோட்டேஷன் எனக்கு இன்றைக்கும் மின்கம்பியில் குருவி உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். அதைப் படித்துச் சொல்வது மேற்கத்திய புல்லாங்குழல் படிக்கிற அண்ணன் மகள்.

ஆரம்பம் ஒரு கார்ப் பயணம். தெற்கே சூயாக் பக்கம் க்ரி-க்ரி கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளப்பாறை வேலி இருக்கிறது. அதற்குள் கடல் குளம் மாதிரி கிடக்கும், குழந்தைகள் கால் நனைக்கலாம். க்ரி-க்ரியில் அந்த வேலி இல்லை. தெற்கிலிருந்து வருகிற அலைக்குக் குறுக்கே ஒன்றுமே கிடையாது. நேராக வந்து கறுத்த எரிமலைப் பாறையில் மோதும். குளிக்காதே என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 'லா ரோஷ் கி ப்ளேர்', அழும் பாறை. அலை ஏறி இறங்கியபின் பாறை முகத்தில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். அதில் கவிஞர் ராபர்ட் எட்வர்ட் ஹார்ட்டின் முகச்சாயல் தெரிகிறது என்பார்கள். எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. காது இரைச்சலில் அடைத்துப்போய்க் காரில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் பெண் இந்த இசையைப் போட்டாள். கீழ் ஸ்தாயியில் ஒரு சின்ன ஸ்வரப் பிடி இறங்குகிறது. மறுபடி அதே பிடி. மறுபடி. "இது எங்கே எழுதினது?" என்றேன். "ஸ்காட்லாந்து, ஒரு குகை."

குகை என்பது முழு உண்மை இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1829 ஆகஸ்டில் மெண்டல்சோனுக்கு இருபது வயது. நண்பர் கிளிங்கேமானோடு ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளான ஹெப்ரிடீஸுக்குப் போயிருந்தார். ஸ்டாஃபா தீவின் ஃபிங்கல் குகையை அவர்கள் பார்த்தது ஆகஸ்ட் 8ஆம் தேதி. இந்தத் தொடக்க இசையை அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் குறித்து அனுப்பியதோ 7ஆம் தேதி, குகையைக் கண்ணால் காண்பதற்கு முந்தின நாள். ஹெப்ரிடீஸ் என்னை எப்படிப் பாதித்தது என்று உங்களுக்குப் புரிய இதை அனுப்புகிறேன் என்ற பொருளில் இரண்டு வரி, கீழே ஸ்வரம். குகைக்குப் போன படகில் மனிதருக்குக் குமட்டலோ குமட்டல். கலைஞனாகக் கடலோடு ஒத்துப்போனார், வயிறுதான் ஒத்துப்போகவில்லை என்று கிளிங்கேமான் கேலி செய்திருக்கிறார். குகை ஒரு பிரம்மாண்டமான ஆர்கன் வாத்தியத்தின் உள்பக்கம் மாதிரி இருந்தது என்று எழுதியவரும் அவரே.

ஆர்கன் குழாய் மாதிரி நிற்கும் அந்தத் தூண்கள் எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, வெடித்து, நெட்டுக்குத்தாகப் பிளந்தவை. அதை நினைத்துப் பார்க்க எனக்கு ஸ்காட்லாந்து வேண்டாம். சூயாக்கிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் போனால் ரோசெஸ்டர் அருவி. அங்கேயும் கறுப்புப் பாறை பத்தி பத்தியாக நின்றுதான் தண்ணீரை விடுகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் இடைஞ்சல் சுருதி. மூலம் பி மைனர். பியை ஸட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமான ஸவாக, வைத்தால் சுருதி ஏழு கட்டை. என் வயலின் ஐந்து கட்டை. ஏழுக்கு முறுக்கினால் முதல் தந்தி முகத்தில் அடிக்கும். ஸட்ஜம் நாம் வைத்த இடம்தானே என்று ஐந்திலேயே விட்டேன். கூடச் சேர்ந்து வாசித்துப் பழகப் பதிவை மட்டும் போன் செயலியில் நான்கு அரைச்சுரம் கீழே இறக்கிக்கொண்டேன். செல்லோ எல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரிக் கேட்கும். பரவாயில்லை.

இரண்டாவது, ஸ்வரப்படுத்துவது. பெண் ஒவ்வொன்றாக வாசிக்க நான் எழுதினேன். எஃப் ஷார்ப், டி, சி ஷார்ப், டி, பி, கீழ் எஃப் ஷார்ப். அதாவது ப க ரி க ஸ, மந்திர பஞ்சமம். ஆறே ஸ்வரம். இதை இரண்டு பார் வாசிக்கிறார்கள். பிறகு இதே வடிவம் காந்தாரத்தை ஆதாரமாக வைத்து, டி மேஜரில்: நி ப ம ப க, மந்திர நி. இரண்டு பார். அப்புறம் பஞ்சமத்தை ஆதாரமாக வைத்து: மேல் ரி, நி த நி ப, மத்திய ரி. இரண்டு பார். ஒரு பாருக்கு நான்கு அட்சரம் என்று தட்டினால் ஒவ்வொரு இடத்துக்கும் சரியாக ஒரு ஆதி தாள ஆவர்த்தனம், எட்டு அட்சரச் சுற்று. மூன்று ஆவர்த்தனத்தில் விஷயம் முடிந்தது. தாளம் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே ஒரு தப்பு செய்தேன். மைனர் என்றால் நடபைரவி ராகம் என்று மனதில் பதிந்திருந்தது. அதனால் மூன்றாவது ஆவர்த்தனத்தில் கை தானாகச் சுத்த தைவதத்தில் விழுந்தது. பத்து நாள் அப்படியே சாதகம் பண்ணியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை பெண் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அது ஜி இல்லே அத்தே, ஜி ஷார்ப்." சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதத்துக்கு அரைச்சுரம் மேலே. அதைத் திருத்தி எழுதிவிட்டு மூன்று ஆவர்த்தனத்தின் ஸ்வரங்களையும் வரிசையாக அடுக்கினேன். ஸ ரி க ம ப த நி. ஏழும் வந்துவிட்டன, ஏழும் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். அந்தத் தைவதம் மூன்றாவது இடத்தில் மட்டும்தான் தலை காட்டுகிறது, அந்த ஒன்று மாறினால் ராகமே மாறிவிடும். இதற்குப் பிறகு மூலம் வேறு ஸ்வரங்களுக்குப் போய்விடுகிறது என்பதும், மெண்டல்சோன் கரகரப்பிரியா என்ற பேரைக் கேட்டிருக்கவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் ராகம் அகப்பட்டால் சும்மா இருக்க முடியுமா?

அங்கேதான் ஜூன் மாதம் முழுக்கக் கெட்டது. கரகரப்பிரியா என்று தெரிந்ததும் காந்தாரத்தை அசைத்தேன். நிஷாதத்துக்கு ஒரு கம்பிதம், ஒரு நடுக்கம். ஸவிலிருந்து மந்திர பவுக்கு ஒரு நீண்ட ஜாரு, அலை வழுக்கி இறங்குகிற மாதிரி. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் குருவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா இருக்கும்மா. யார் செத்துட்டாங்க?" என்றார்.

அவர் சொன்னது சரி. காந்தாரம் அசைந்தவுடனே அது ஒரு மனுஷியின் துக்கமாக ஆகிவிடுகிறது. பாறையில் மோதுகிற தண்ணீருக்கு ஏது துக்கம்? குருவே வழியும் சொன்னார்: நொட்டுஸ்வரம் வாசிக்கிற கையை வை. முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளுக்கு சாகித்தியம் போட்டாரே, அவை. இங்கிலாந்து ராஜ வாழ்த்துப் பாட்டின் மெட்டிலேயே ஒன்று இருக்கிறது, 'ஸந்ததம் பாஹிமாம்'. எல்லாம் அசைவில்லாத நேர் ஸ்வரம். வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதர் அவருடைய தம்பிதான். மெண்டல்சோன் அந்தப் படகில் குமட்டிக்கொண்டிருந்த வருஷம் முத்துஸ்வாமி தீட்சிதர் உயிரோடு இருந்தார், 1835 வரைக்கும். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். காரணம் கேட்காதீர்கள்.

நேர் ஸ்வரம் என்றால் சுலபம் என்று நினைத்தால், இல்லை. முப்பது வருஷமாக இரண்டு விரலில் வழுக்கிப் பழகிய இடது கை, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு விரலை எடுத்து எடுத்து வைக்க மறுக்கிறது. ஜூலை முழுவதும் அதுதான் வேலை. ஜண்டை வரிசைக்குத் திரும்பிப்போய், கூடுமான மட்டும் மொட்டையாக, கமகத்தின், அதாவது ஸ்வர அசைவின், வாசனைகூட இல்லாமல். பக்கத்து வீட்டு அம்மாள் "யாராவது புதுசாப் படிக்க வர்றாங்களா?" என்று விசாரித்தார்.

வில் விஷயத்தில் மட்டும் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. ஆறு ஸ்வரத்துக்கும் தனித்தனி வில் போட்டால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. ஆறையும் ஒரே வில்லில் எடுத்தேன். முதல் ப, முதல் தந்தியில் விரலே வைக்காமல். க ரி க ஸ இரண்டாம் தந்தியில். கடைசி மந்திர ப, மூன்றாம் தந்தியில், அதுவும் விரல் இல்லாமல். இரண்டு பக்கமும் திறந்த தந்தி அதிர, நடுவில் மட்டும் விரல் ஓடுகிறது. வலது கை தானாக ஒரு வளைவு வளைந்து இறங்குகிறது. செல்லோக்காரர்களும் வயோலாக்காரர்களும் பஸ்ஸூன்காரர்களும் சேர்ந்து வாசிக்கிற பிடி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்த்த நம் நான்கு தந்தியில் இவ்வளவு பாந்தமாக உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் இடத்தில் இந்தச் சௌகரியம் பாதி போய்விடும். மூன்றாம் இடத்தில் மேல் ரிக்குக் கை ஏற வேண்டும், சுத்தமாகப் போய்விடும்.

ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. தனியாகப் பஸ் பிடித்து க்ரி-க்ரிக்குப் போனேன், வயலின் இல்லாமல், கேட்க மட்டும். குளிர்காலக் காற்று, ஆள் நடமாட்டம் குறைவு. மனதுக்குள் பிடியை ஓட்டிக்கொண்டே ஒரு பாறையைக் குறி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அலையும் விழுகிறது, அது எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் அலைகள் கூட்டமாக வருகின்றன. ஒரு கூட்டத்துக்குள் முதல் அலை பாறையின் இடுப்பில் நிற்கும், அடுத்தது தோளில், அதற்கடுத்தது தலைக்கு மேல். ஒவ்வொன்றும் இறங்கித்தான் போகிறது, தொடங்குகிற இடம் மட்டும் ஏறிக்கொண்டே வருகிறது. ஸ, க, ப! உட்கார்ந்த இடத்திலேயே தொடையில் தாளம் போட்டுவிட்டேன். அதுவரை நான் கடலை ஒவ்வொரு பிடிக்குள்ளும் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஸ்வரம் ஆறு ஸ்வரமாக இருந்தால் போதும், மூன்று ஆவர்த்தனமும் தன்னால் ஏறிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து முதல் ஆவர்த்தனத்தை வேண்டுமென்றே சன்னமாக, சாதுவாக வாசித்தேன். இரண்டாவதில் கொஞ்சம் வில். மூன்றாவதில் முழு வில். பெண் குழலில் மேலே ஒரு நீண்ட ஸ்வரம் பிடித்தாள், மூலத்தில் வயலின்கள் பிடிப்பது போல. அன்றுதான் முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

இந்த ஓவர்ச்சரை மெண்டல்சோனும் லேசில் விடவில்லை. 1830 டிசம்பரில் ரோமில் முடித்தார், அப்போது 'தனித் தீவு' என்று பேர். மனம் ஒப்பவில்லை. 1832 ஜனவரியில் பாரிஸிலிருந்து அக்கா ஃபானிக்கு எழுதுகிறார்: நடுப்பகுதியில் திமிங்கில எண்ணெயும் கடற்காகமும் உப்புமீனும் மணப்பதைவிடக் கவுண்டர்பாயிண்ட் பாடம்தான், பல மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னுகிற இலக்கணம்தான், அதிகம் மணக்கிறதாம். திருத்தித் திருத்தி அந்த வருஷம் மே 14 அன்று லண்டனில் அரங்கேறியது. உப்புமீன் வரியைப் படித்ததும் பெண்ணிடம் சொன்னேன், இந்த மனிதருக்கு நம் வீட்டு புவாசோன் சாலே ருகாய், தக்காளி போட்ட உப்புமீன் குழம்பு, ஒரு தட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று.

பிறகு புத்தி கெட்டுப்போய் வயலினைக் கடலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பாறை மேல் போனை வைத்துப் பதிவு பண்ணலாம் என்று ஆசை. உப்புக்காற்று முதலில் வில்லைத் தொட்டது. வில்லில் தேய்க்கிற ரோசின் பிசுபிசுத்து, வில் தந்தியைப் பிடிக்காமல் நழுவியது. தந்தியை முறுக்குகிற பிரடைகள் ஊறி இறுகிவிட்டன. ஒன்றரை மணி நேரம் பிடிவாதமாக வாசித்தேன். மறுநாள் வீட்டில் கீழ்த் தந்தியில் ஒரு கரகர சத்தம். வயிற்றுப் பலகையின் ஓரம் இரண்டு அங்குலம் விட்டிருந்தது. பழுது பார்ப்பவர் திட்டிவிட்டுத்தான் கையில் வாங்கினார். வயலினுக்குப் போடுகிற பசை ஈரத்துக்கு விடுகிற பசைதானாம், பலகை வெடிப்பதைவிட ஒட்டு விடுவது மேல் என்று வேண்டுமென்றே அப்படி. "உங்க வயலினுக்குப் புத்தி இருக்கு மதாம்" என்றார். மீதியை நானே புரிந்துகொண்டேன்.

வயலின் அவரிடம் இருந்த இரண்டு வாரமும் அந்தப் பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் காற்று. நடுவில் மந்திர பஞ்சமம் மட்டும் இரண்டு தடவை துல்லியமாகக் கேட்கிறது, திறந்த தந்தி அல்லவா. இரண்டாம் ஆவர்த்தனம் அலையில் போயிற்று. மூன்றாவதில் மேல் ரி எட்டிப் பார்க்கிறது. பெண் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு மூன்று தடவை கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு அத்தே. ஆனா அந்த தைவதம் இன்னும் கீழேயே நிக்குது."