நாவற்குழியில் நின்ற ரயில்

பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த பட்டப்பெயரை இங்கே எழுதலாமா என்று மலர்க் குழுவைக் கேட்டேன். தாராளமாக எழுதுங்கோ என்றார்கள். சரி, புளுகன். என்னோடு படித்தவர்களுக்குச் சொந்தப் பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். புளுகன் என்றால் உடனே விளங்கும்.

பெயருக்குக் காரணம் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை. 1994இல், யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில், நாங்கள் ஐந்து பேர் அதைத் தொடங்கினோம். ஊர்ப் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்துகொண்டிருந்த காலம், எங்களுக்கு யார் அச்சடித்துத் தரப்போகிறார்கள்? யாரோ ஒருவனுடைய அக்கா பாதியில் விட்ட சீ.ஆர். கொப்பியின் மிச்சப் பக்கங்கள்தான் சஞ்சிகை. ஒரே ஒரு பிரதி, ஒரு வீட்டுக்கு ஓர் இரவு என்று முறை. மின்சாரம் 1990இலேயே போய்விட்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்துகிற விளக்கில்தான் படிப்பு, வாசிப்பு எல்லாம். ஒரு சுற்று முடிந்து கொப்பி திரும்பி வரும்போது மூலைகளில் கரி பிடித்திருக்கும். கரியைப் பார்த்தே யார் எத்தனை தரம் வாசித்தான் என்று சொல்லலாம் என்பேன். அதுவும் புளுகுதான்.

அதில் நான் எழுதியது ஒரு தொடர்கதை. வடக்குக்கான ரயில் 1990 ஜூனோடு நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. என் கதையில் ஓர் இரவு தெற்கிலிருந்து ஒரு ரயில் புறப்பட்டு வரும். ஓட்டுவது யார் என்று தெரியாது. பெட்டி நிறையப் பற்றறி, மண்ணெண்ணெய், சைக்கிள் ரயர், இன்னும் எங்களுக்கு அப்போது கிடைக்காத எல்லாமும். முதலாம் பாகத்தில் கொடிகாமம், இரண்டாம் பாகத்தில் சாவகச்சேரி, மூன்றாம் பாகத்தில் நாவற்குழி. அங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் யாழ்ப்பாணம்.

தமிழ் மாஸ்டருக்குக் கொப்பி எப்படியோ போய்ச் சேர்ந்தது. சிவப்புப் பேனையால் சந்திப் பிழையெல்லாம் திருத்தியிருந்தார். பயந்துபோய் இருந்தேன். ஒருநாள் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் மறித்தார்.

“நீர் க், ச் ஒழுங்காய்ப் போடப் பழகும்.”

“ஓம் சேர்.”

“அது கிடக்கட்டும். றெயின் பாலம் தாண்டுமோ?”

எனக்கும் தெரியாது சேர் என்றேன். உண்மையாகவே தெரியாது. இரவு படுத்திருந்து ஏதாவது யோசித்து, காலையில் எழுதுவேன், அவ்வளவுதான். அந்தச் சந்தோசத்துக்கு ஈடாக வேறொன்றும் அப்போது எனக்குக் கிடைக்கவில்லை. பரீட்சைப் பெறுபேறு நிச்சயமாகக் கிடைக்கவில்லை.

நாலாம் பாகம் எழுதுவதற்குள் 1995 ஒக்ரோபர் 30 வந்துவிட்டது. சண்டை நெருங்கிவர, குடாநாட்டின் மேற்குப் பக்கமான வலிகாமம் முழுக்க வீட்டை விட்டு வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தால் நாங்களும் போனோம், என் ரயில் வந்துகொண்டிருந்த திசைக்கு. அந்த இரவைப் பற்றி இந்த மலரில் பலர் எழுதியாயிற்று, நான் விடுகிறேன். கொப்பி அந்த முறை யார் வீட்டில் இருந்தது என்று மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் ஞாபகமில்லை.

1999இல் கனடா வந்தேன். வந்ததும் எழுதியது என் அகதி விண்ணப்பம். எங்கள் சனம் அதைக் ‘கேஸ்’ என்று சொல்லும். திகதி பிசகக்கூடாது, தாளில் உள்ளதும் வாயால் சொல்வதும் ஒத்துவர வேண்டும். விசாரணையில் எந்தத் திகதி பாலத்தைக் கடந்தீர்கள் என்று கேட்டபோது ஒரு கணம் மாஸ்டரின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. நல்லவேளை, திகதியைச் சரியாகச் சொல்லிவிட்டேன்.

பிறகு இங்கே ஒரு சஞ்சிகைக்குக் கதை அனுப்பினேன். ஸ்காபரோவில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் பனியையும் சேர்த்து வழித்துவிட்டு, அதற்காகச் சண்டைக்குப் போகிற கதை. ஆசிரியர் தொலைபேசியில் எடுத்தார். “தம்பி, நல்லாய் எழுதுறீர். ஆனா இந்த விளையாட்டெல்லாம் ஏன்? நாங்கள் பட்ட பாட்டை எழுதலாமே.” எழுதினேன். இடப்பெயர்வைப் பற்றி மூன்று கதைகள், எல்லாம் நடந்ததை நடந்தபடி. ஆட்கள் எடுத்துப் பாராட்டினார்கள், சிலர் அழுதார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “இது உண்மையாய் நடந்ததுதானே?” ஓம் என்பேன். மறுபடியும் விசாரணை அறையில் இருப்பது போலிருக்கும். ஆசிரியரில் பிழை சொல்லமாட்டேன், அந்தக் கதைகளுக்குத் தேவை இருந்தது. எனக்குத்தான் முடியவில்லை. 2004இல் விட்டுவிட்டேன். பிறகு இரவு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் என்று எல்லோருடைய கதையும்தான்.

நடுவில் ஒருதரம் பழைய ஃபிளொப்பி ஒன்றிலிருந்து பனிக்கதையை எடுத்துப் பார்த்தேன். அப்போது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன், புதிய கணினியில் அது இல்லை. திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். ஆனால் விரல்களுக்கு ஞாபகமிருந்தது: எம் என்றால் அ, கே என்றால் ம. ஒரு பந்தியை அப்படியே கூட்டிக் கூட்டி வாசித்துச் சிரித்துவிட்டு மூடி வைத்தேன்.

இனிமேல்தான் விசயம். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் பழைய கதை ஓடிக்கொண்டிருந்தது. லண்டனில் இருப்பவன் எழுதினான்: “மச்சான், 95இலை ஒருநாள் இரவு நாவற்குழி மட்டும் றெயின் வந்து நிண்டதெண்டு ஒரு கதை அடிபட்டதே, ஞாபகமோ? பற்றறியெல்லாம் கொண்டு வந்ததாம்.” நோர்வேக்காரன் உடனே, ஓம், தன் மாமா சத்தத்தைக் கேட்டவர் என்றான். இன்னொருவன் அது சரக்கு ரயில் என்றான். நான் வாயே திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளுடைய பழைய கொப்பி ஒன்றை எடுத்து நாலாம் பாகம் என்று மேலே எழுதினேன்.

இருபது வருடத் துரு. முதல் பக்கத்தை ஏழுதரம் கிழித்தேன். ரயில் ஏன் நாவற்குழியில் நின்றது என்பதற்குப் பதினாறு வயதில் நான் காரணமே யோசித்திருக்கவில்லை. மொன்றியலில் இருக்கும் பெரியப்பா ரயில்வேயில் வேலை செய்தவர், அவரைக் கேட்டேன். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது, அதனால் ஓட்டுநர் கையில் ‘ரப்லெற்’ கிடைத்தால்தான் அடுத்த ஸ்ரேசனுக்குப் போகலாம் என்று தொடங்கினார். பெரிய வளையத்தில் தொங்கும் ஒரு வட்டத் தகடு அது. ஸ்ரேசன் மாஸ்டர்தான் கொடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் சொன்னார். நான் கேட்காமல் விட்டதையும் சொன்னார்.

எனக்குக் கதை கிடைத்துவிட்டது. நாவற்குழியில் ரப்லெற் கொடுக்க ஆளில்லை. அதுதான் ரயில் அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறது.

இப்போது விடிய நாலரைக்கு எழும்பி, வேலைக்குப் போகுமுன் அரைமணி நேரம் எழுதுகிறேன். எந்தச் சஞ்சிகைக்கும் இல்லை. “என்னப்பா, விடியக்காத்தாலை தனிய இருந்து சிரிக்கிறியள்?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். ரப்லெற்றைக் களவெடுக்கப் போன பொடியன் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் நிற்கிற இடத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு பாகம் குழுவில் போடுகிறேன். கதை என்று மேலே தெளிவாக எழுதித்தான் போடுகிறேன். யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபரில் மெய்யான ரயில் திரும்பவும் வந்துவிட்டதே, உன்னுடையதை எப்போது விடப்போகிறாய் என்று நச்சரிக்கிறார்கள். போன கிழமை லண்டன்காரன் கோபமாகக் குரல் பதிவு அனுப்பியிருந்தான்:

“டேய் புளுகன், பற்றறி இருபது பெட்டி எண்டு எழுதியிருக்கிறாய். நாப்பதடா. எனக்கு நல்ல ஞாபகம்.”

நாற்பது என்று மாற்றிவிட்டேன்.