இட்டுக்கட்டியதும் ஈடுகட்டியதும்

மொழிபெயர்ப்புப் பழகிக்கொண்டிருந்த நாள்களில் ஓர் அறக்கட்டளையின் ஆண்டறிக்கையைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. திரட்டிய நிதியில் விழுந்த பற்றாக்குறையைப் பொருளாளர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு நிரப்பினார் என்பது அதிலிருந்த ஓர் ஆங்கில வாக்கியத்தின் பொருள். அதில் வந்த வினை ‘மேக் அப்’. அந்த வினைக்குக் கதை கட்டுதல் என்ற ஒரு பொருளை மட்டுமே நான் அறிந்திருந்ததால், ‘பற்றாக்குறையைப் பொருளாளர் இட்டுக்கட்டினார்’ என்று எழுதிவிட்டேன். கைப்பணத்தைக் கொடுத்தவர் என் ஒரே சொல்லில் பொய்க்கணக்கு எழுதியவராகிவிட்டார். நல்லவேளையாக, அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்த மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், ‘இட்டு’ என்பதை அடித்து ‘ஈடு’ என்று மாற்றினார். ‘கட்டினார்’ என்பதை அவர் தொடவே இல்லை.

அன்றைக்கு வெட்கம் மட்டுமே இருந்தது. அந்தத் திருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பது பின்னால்தான் விளங்கியது. ஆங்கிலத்தில் ஒரே வினை சுமக்கும் இரு பொருள்களுக்கும் தமிழிலும் ஒரே வினைதான் அடியில் நிற்கிறது: கதையும் கட்டுகிறோம், ஈடும் கட்டுகிறோம். வேடம் கட்டுதல் என்றால் அந்த வினையின் மூன்றாவது பொருளும், அதாவது நாம் மேக்கப் என்றே சொல்லிப் பழகிவிட்ட பொருளும், வந்து சேர்கிறது.

வினையோடு ஒரு சிறு இடைச்சொல் ஒட்டிப் புதுப்பொருள் தரும் இந்த அமைப்பை ஆங்கில இலக்கணத்தார் ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். கட்டுரையாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் தம் நூலில் அப்பெயரைக் கையாண்டபோது, அதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்னதாகக் குறித்திருக்கிறார். பெயர் பிந்தியது என்றாலும் தொல்லை பழையது. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயல்மொழியாருக்கு மிகுந்த இடர் தருவது இவ்வகைச் சேர்க்கைதான் என்று எழுதி, அதற்கு நீண்டதோர் எடுத்துக்காட்டு வரிசையும் தருகிறார். என் பிழைக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான முன்னெச்சரிக்கை இருந்திருக்கிறது.

‘அப்’ என்றால் மேலே என்றுதான் முதலில் கற்கிறோம். ஆனால் ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ போன்றவற்றில் மேலே போவது எதுவுமில்லை. தட்டில் இருந்ததைத் தின்று தீர்ப்பதும், இருந்ததை மிச்சமின்றிச் செலவழிப்பதுமே பொருள். தமிழில் ‘தீர்’, ‘விடு’ என்னும் துணைவினைகள் செய்கிற வேலையை அங்கே அந்தச் சிறுசொல் செய்கிறது. ‘மேக் அப்’பில் வரும் ‘அப்’பையும் இப்படி முடிவையும் முழுமையையும் குறிப்பதாக எடுத்துக்கொண்டால், சிதறிக் கிடக்கும் பொருள்கள் பலவும் ஓரளவு ஓரிடத்தில் கூடுகின்றன. பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு ஆவது, ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறையும்போது வேறொருவர் வந்து எண்ணிக்கையை நிறைப்பது, தாமதமான நேரத்தை விரைந்து சென்று சரிக்கட்டுவது, மருந்தாளுநர் சீட்டில் உள்ளபடி மருந்தைக் கலந்து தருவது ஆகிய எல்லாவற்றிலும் துண்டுகள் சேர்ந்து முழுமை பெறுகின்றன.

‘மேக் அப்’புக்கு நிகராகச் சொல்லப்படும் லத்தீன் வழிச் சொற்களை ஒருநாள் வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பு ஏற்பட்டது. ஒன்றுசேர்ந்து அமைவதற்குக் கான்ஸ்டிடியூட், கம்போஸ்; ஈடுசெய்வதற்குக் காம்பென்சேட்; எண்ணிக்கையை நிறைவாக்குவதற்குக் கம்ப்ளீட்; இல்லாததைச் சமைப்பதற்குக் கன்காக்ட்; பிணக்குத் தீர்வதற்கு ரீகன்சைல். ஒன்றோடொன்று உறவில்லாதவை போலத் தோன்றும் இவை அனைத்திலும், ‘உடன்’, ‘சேர்ந்து’ என்று பொருள்படும் அதே லத்தீன் முன்னொட்டு ஒளிந்திருக்கிறது. சேர்த்து நிறுத்துவது, சேர்த்து வைப்பது, ஒன்றுக்கு ஒன்று எடைபோடுவது, சேர்த்துச் சமைப்பது என்று அவற்றின் பழைய பொருள்கள் விரிகின்றன. இட்டுக்கட்டுவதற்குச் சொல்லப்படும் இன்வென்ட், ஃபேப்ரிகேட் ஆகிய இரண்டும் இந்த வரிசைக்குள் வரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அகராதி நிகர்ச்சொல் என்று சொல்லிவிட்டது என்பதற்காக ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிட முடியாது. குழந்தையைத் தூங்கவைக்கத் தாய் ஒரு கதையை அந்த நேரத்தில் உருவாக்கிச் சொன்னாள் என்பதற்கு ‘மேக் அப்’ இயல்பானது. அங்கே ஃபேப்ரிகேட் என்று எழுதினால் தாய் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவாள், ஏனென்றால் அந்தச் சொல்லுக்குச் சாட்சியம், ஆவணம் ஆகியவற்றோடு பழக்கம் அதிகம். கன்காக்ட் என்பதிலோ, நம்பமுடியாத சாக்கு ஒன்றைக் கிண்டிக் கலக்கி எடுத்த மணம் வீசும். தமிழிலும் இதே படிநிலை உண்டு. புனைந்தாள் என்றால் கலை, கதை கட்டினாள் என்றால் லேசான கேலி, இட்டுக்கட்டினாள் என்றால் பழி, வழக்கை ஜோடித்தார்கள் என்றால் முழுக் குற்றச்சாட்டு.

இங்கே ‘புனை’, ‘ஜோடி’ என்னும் இரண்டு சொற்களிடம் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். முகத்துக்குப் பூசுவதற்கும் பொய் சொல்வதற்கும் ஆங்கிலம் எப்படி ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்று வியப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். புனைதல் என்பதற்கு அணிசெய்தல் என்ற பொருள் பழந்தமிழிலேயே உண்டு. புனைகதையும் அதிலிருந்தே பிறக்கிறது. ஜோடித்தல், அதாவது சோடித்தல், அலங்கரிப்பதையும் குறிக்கும், பொய்வழக்குத் தயாரிப்பதையும் குறிக்கும். இயல்பாக இருப்பதன் மேல் ஒன்றைச் சேர்ப்பதே ஒப்பனை என்றால், அதையே உண்மையின் மேல் செய்வது புனைவு. நம் மொழி நெடுங்காலமாகச் செய்துவருவதை ஆங்கிலத்தில் கண்டு திகைப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

‘கட்டு’ எல்லா இடத்திலும் கைகொடுக்காது. மனத்தை ‘மேக் அப்’ செய்வது தீர்மானிப்பது. அதை முடிவு கட்டுவது என்று எழுதினால், ஆராயாமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகவோ, ஒரு விஷயத்தையே ஒழித்துக்கட்டியதாகவோ ஆகிவிடும். முடிவு செய்வது, முடிவெடுப்பது என்பவையே அங்கே பொருந்தும். சண்டைக்குப் பின் இருவர் இணங்குவதற்கும் ‘கட்டு’ ஒத்துவராது. ராசியானார்கள், சமாதானமானார்கள் என்று சொல்ல வேண்டும். சிறுவர்களாக இருந்தால் காய் விட்டவர்கள் பழம் விட்டுக்கொண்டார்கள் என்பதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடையாது.

‘மேக் அப்’புக்குப் பின்னால் ‘ஃபார்’ சேர்ந்தால் இழப்புக்கு ஈடு என்பது உறுதி. ‘டு’ சேர்ந்தால் பிரிட்டிஷ் வழக்கில் காரியத்துக்காகக் குழைதல் என்றும் ஆகும். ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் உட்காரும், கடைசியில் நிற்காது. பேசும்போது வினையாக இருந்தால் அழுத்தம் ‘அப்’பின் மேலும், பெயராக இருந்தால் ‘மேக்’கின் மேலும் விழும். இவ்வளவு தடயங்கள் இருந்தும், எந்தப் பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வந்திருக்கிறது என்று பார்ப்பதே எனக்கு இன்றும் முதல் வழி. கதையா, முகமா, மனமா, பற்றாக்குறையா என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

செயப்படுபொருளே இல்லாத ஓர் இடத்தில் மட்டும் இந்த வழி கைவிட்டது. லிவர்பூல் நகரத்துப் பேச்சுவழக்கில் ஒருவர் தம்மையே ‘மேட் அப்’ என்று சொல்லிக்கொண்டால், அவர் வேடம் கட்டியிருக்கிறார் என்பதோ பொய்யானவர் என்பதோ பொருளில்லை. மிகவும் மகிழ்ந்திருக்கிறார் என்பதே பொருள். இதை முதலில் எதிர்கொண்டபோது நெடுநேரம் யோசித்து, சொல்வரலாற்றுக்காக அல்லாமல் மொழிபெயர்ப்பு வசதிக்காகவே, ‘மனம் நிறைந்துவிட்டது’ என்று எழுதினேன். அதை யாரும் அடித்துத் திருத்தவில்லை.