பச்சையாக ஒளிர்ந்த மஞ்சள்

அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த வருடம்தான் நான் கோயம்புத்தூரில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த வேலை, இதயத்தில் விழும் தழும்பை மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ன செய்கிறது என்று பார்ப்பது. சிவகிரிப் பக்கம் மஞ்சள் போடுகிற குடும்பம் எங்களுடையது. வேகவைத்துக் களத்தில் காயப்போட்ட விரலியை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள், இப்போது அதன் சாரத்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

தழும்பு போடுவது இதயத் தசைச் செல் என்று நானும் முதலில் நினைத்திருந்தேன். அது பக்கத்தில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற வேறொரு வகைச் செல்லின் வேலை. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் பட்டதும் அதன் குணமே மாறிவிடும். உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகளைக் கட்டிக்கொண்டு, வெளியே கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டத் தொடங்கும். செத்த தசை மறுபடி முளைக்காது என்பதால், அந்த இடத்தைத் தழும்பு பிடித்துக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இதயச் சுவரே கிழிந்துபோகலாம். நல்ல தசைக்குள்ளும் அது பரவி இதயம் விறைத்துப்போகும்போதுதான் தொல்லை.

எலியின் இதய ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளுக்கு டிஜிஎஃப்-பீட்டா கொடுத்து, சிலவற்றில் மட்டும் குர்குமினும் சேர்த்தேன். ஆக்டினுக்குப் பச்சைச் சாயம். குர்குமின் தழும்பைத் தடுக்குமானால், அது போட்ட தட்டில் பச்சை மங்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் அதுதான் ஜொலித்தது! இரண்டு வாரம் தூக்கமில்லை. கடைசியில், குர்குமின் போட்டு, சாயத்தை ஆக்டினில் ஒட்டவைக்கும் ஆன்டிபாடியே சேர்க்காத தட்டைப் பார்த்தேன், அதுவும் பச்சை. குர்குமினுக்கே ஒளிரும் குணம் உண்டு. சேலையில் மஞ்சள் கறை பட்டால் போகாது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

சிவப்புச் சாயத்துக்கு மாறினேன், புரத அளவை வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனையிலும் பார்த்தேன். ஆக்டின் குறைந்துதான் இருந்தது. சரி என்று மூச்சு விட்டால், அடுத்த சிக்கல். சீரம் என்ற ரத்தநீர் சேர்க்காத, செல் வளர்க்கும் ஊடகத்தில், 37 டிகிரியில், அரை மணி நேரத்திலேயே குர்குமினில் பெரும்பங்கு சிதைந்துவிடும் என்று 1997-லேயே காட்டியிருக்கிறார்கள். 24 மணி நேரம் செல்லோடு இருந்தது குர்குமினா, அதன் உடைசலா? என் ஆய்வேட்டில் இந்தக் கேள்விக்கே ஒரு அத்தியாயம் போனது.

எலிகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. 2008-இல் ஜப்பானில் நடந்த ஆய்வில், பி300 என்ற நொதியைத் தடுத்து, இதயம் செயலிழப்பதைக் குர்குமின் குறைத்தது. மனிதருக்கு வந்தால் கதை வேறு. நான் தட்டில் ஊற்றியது 10 மைக்ரோமோலார் செறிவு. கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் அவ்வளவு சேர்வதில்லை. மிளகின் பைப்பரின் சேர்த்தால் உடம்பில் ஏறுவது 20 மடங்கு கூடும் என்று 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்று சொன்னது. ஆனால் பைப்பரின் வேறு சில மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம். அப்புச்சியோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்.

பொங்கலுக்குப் போனபோது இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஏனம்மிணி, அப்ப நானு தெனமும் எத்தன மஞ்சத் தின்னோணும்?"

"கொழம்புல போடறதே போதுங்க அப்புச்சி. மாத்திரையா வாங்கித் தின்னுபோடாதீங்க."

"அப்ப இதுனால வெல ஏறாதுங்கிற" என்று சொல்லிவிட்டு, களத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.